சிவகாசி தீப்பெட்டிக்கு வயது பார்ப்பது எப்படி?

மாட்டுக்கு வயது பார்க்க வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். மரத்துக்கு வெட்டின இடத்தில் வளையத்தை எண்ணுவார்கள். தீப்பெட்டிக்கு எதைப் பார்ப்பது?

கேள்வி சில்லறைத்தனமாகத் தெரியலாம். குச்சி தீர்ந்ததும் குப்பைக்குப் போகிற பொருளுக்கு வயது ஒரு கேடா என்றுகூடத் தோன்றலாம். ஆனால் இணையத்தில் ஏலத் தளங்கள் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். "பிரிட்டிஷ் காலத்து சிவகாசி லேபிள், மிக அரியது" என்று போட்டு ஒரு சின்னக் காகிதத் துண்டை விற்றுக் கொண்டிருப்பார்கள். படத்தில் முருகனோ மயிலோ சிங்கமோ இருக்கும். ஓரம் கொஞ்சம் பழுப்பேறி இருக்கும். அவ்வளவுதான் ஆதாரம். சில நேரம் உற்றுப் பார்த்தால் கீழே பொடி எழுத்தில் பின்கோடு இருக்கும்! இந்தியாவுக்குப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போய் சரியாக 25 வருஷம் கழித்து.

போவது காசு மட்டும் என்றால் தொலைகிறது என்று விடலாம். விஷயம் அதற்கும் மேலே. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் நூறு வருஷமாக எத்தனையோ தீப்பெட்டி ஆபீஸ்கள் திறந்து மூடியிருக்கின்றன. (அந்தப் பக்கத்தில் பேச்சு வழக்கில் அது ஃபாக்டரி இல்லை, ஆபீஸ்தான்.) பெரிய கம்பெனிகளின் பெயர் நிலைத்து விட்டது. ஓட்டுக் கட்டடத்திலும் கொட்டகையிலும் நடந்த சின்ன ஆபீஸ்களின் கணக்கு நோட்டுகள் எப்போதோ எடைக்குப் போயிருக்கும். அப்படி ஒரு ஆபீஸ் இருந்தது என்பதற்கு மிஞ்சுகிற ஒரே காகிதம் பல சமயம் அதன் லேபிள்தான். அதில் 1975 என்பதை 1935 என்று எழுதி வைத்தால், அந்த ஊரின் சரித்திரத்தில் இல்லாத ஒரு ஆபீஸை உண்டாக்கி, இருந்த ஒன்றை அழித்து விட்டதாக ஆகும்.

இதே மாதிரி வேலையை உலகத்தில் இன்னொரு கூட்டம் வேறொரு பொருளை வைத்துச் செய்கிறது. காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் மெஷின்கள் தெரியுமில்லையா? அவற்றுக்குள் இருக்கும் மதர்போர்டுகளைச் சேகரிப்பவர்கள் அவர்கள். வெளியே பெயர் ஒன்றாகவே இருக்கும், உள்ளே போர்டு மாறிக்கொண்டே வந்திருக்கும். 1981-ல் வந்த 'டாங்கி காங்' முதலில் நான்கு பலகைகள் அடுக்கிய செட்டாக இருந்தது, பிறகு இரண்டு பலகையாகச் சுருங்கியது. 1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' அந்த ஒரே வருஷத்திலேயே பல தடவை திருத்தப்பட்டது. ஆன் செய்ததும் திரையில் வரும் ஆறு இலக்கத் தேதியை வைத்துத்தான் இது எத்தனையாவது திருத்தம் என்று சொல்வார்கள். மெஷினின் பெட்டியில் ஒட்டியிருக்கும் படத்தை யாரும் நம்புவதில்லை. போர்டைத் திருப்பி, ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கத்தைப் படிப்பார்கள். 8123 என்றால் 1981-ன் 23-வது வாரத்தில் செய்த சிப். ஒன்பது சிப்பில் 81 என்றும் ஒன்றில் மட்டும் 83 என்றும் இருந்தால்? அந்த போர்டு இப்போதைய கோலத்துக்கு வந்தது 1983-க்கு முன்னால் இருக்க முடியாது. ஒன்று, அப்போதுதான் தயாரானது. அல்லது ரிப்பேரில் யாரோ ஒரு சிப்பை மாற்றியிருக்கிறார்கள். எப்படியானாலும் இருப்பதிலேயே இளைய பாகம்தான் கணக்கு.

தீப்பெட்டிக்கும் விதி அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. சிப் செய்தவன் தேதியைத் தானே போட்டான். தீப்பெட்டி லேபிளில் தேதி போடும் வழக்கம் இல்லை. ஆனால் வரி என்றும், விலை என்றும், ஜில்லா என்றும், எழுத்துச் சீர்திருத்தம் என்றும் சர்க்கார் மாற்றிக்கொண்டே வந்த ஒவ்வொன்றும் லேபிளின் ஓரத்தில் ஒரு தடம் விட்டுப் போயிருக்கிறது. படம் மாறாது. ஓரம் மாறும். வயது ஓரத்தில்தான் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் விற்ற தீப்பெட்டிகளில் பெரும்பகுதி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தவை. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜப்பான் கை ஓங்கியது. நம் ஆட்களுக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று ஜப்பான்காரர்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். நம் சாமிகளும் யானையும் அங்கேயே அச்சாகி இங்கே வந்திறங்கின. ஆகவே "சாமி படம் இருக்கு, அதனால சிவகாசி" என்பது முதல் தப்பு. சாமி படமும் நல்ல பழசும் சேர்ந்து இருந்தால், ஜப்பானா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

1922-ல் வெள்ளைக்கார சர்க்கார் இறக்குமதித் தீப்பெட்டி மீது வரியை உயர்த்தியது. வருமானத்துக்காகப் போட்ட வரிதான், உள்ளூர்த் தொழிலை வளர்க்கும் நல்லெண்ணம் எல்லாம் இல்லை. ஆனால் விளைவு அதுதான். ஸ்வீடன் கம்பெனி வரிச் சுவரைத் தாண்ட 1923-ல் இந்தியாவுக்குள்ளேயே விம்கோவை ஆரம்பித்தது. அதே சமயத்தில் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923-ல் ஜெர்மன் மெஷின்களோடு ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். கொஞ்ச வருஷத்திலேயே மெஷினை விடக் கைதான் மலிவு என்று புரிந்தது. மழை பொய்க்கும் கரிசல் காட்டில் வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாக இல்லை. காற்றில் ஈரம் குறைவு, வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம், மருந்து சீக்கிரம் காயும்.

ஆக, சிவகாசி லேபிள் எதுவானாலும் 1923-க்கு முந்தையதாக இருக்க வழியில்லை. இதுவே ஒரு பெரிய வடிகட்டி. (விருதுபட்டி விருதுநகர் ஆனதும் அதே 1923-ல்தான். தீப்பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பழைய காகிதம் எதிலாவது விருதுபட்டி என்று பார்த்தால் நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.)

லேபிள் வேண்டுமே என்றுதான் அச்சகம் அந்த ஊருக்கு வந்தது. இன்று நாடு முழுக்கப் போகும் காலண்டர், டைரி எல்லாவற்றுக்கும் மூலம் அந்தச் சின்னத் தீப்பெட்டிச் சீட்டுதான். குட்டி ஜப்பான் என்று நேரு பாராட்டியதாகச் சொல்வார்கள். ஜப்பான் லேபிளைப் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு லேபிள் போட்டுக் கொடுத்த ஊருக்கு அந்தப் பெயர் வந்தது பொருத்தம்தான்.

இனி தடங்களுக்கு வரலாம்.

முதல் தடம் 1934. அந்த வருஷம் தீப்பெட்டிகளுக்கு உற்பத்தி வரி வந்தது. குச்சிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரி. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியிலும் சர்க்கார் முத்திரை போட்ட மெல்லிய காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்ட வேண்டும், பெட்டியைத் திறந்தால் அது கிழிய வேண்டும். பட்டை ஒட்டிய பெட்டியோ, பட்டையின் மிச்சம் ஒட்டியிருக்கும் லேபிளோ கிடைத்தால் அது 1934-க்குப் பிந்தையது. பட்டையே இல்லை என்றால் 1934-க்கு முந்தையது என்று குதிக்கக் கூடாது. பட்டை முறை பிற்காலத்தில் கைவிடப்பட்டது. அது தவிர, பெட்டியில் ஒட்டப்படாமல் அச்சகத்திலேயே மீந்து போன லேபிள்கள்தான் இன்று சந்தையில் நிறையச் சுற்றுகின்றன. பின்பக்கம் பசைத் தடம் இல்லாமல் சுத்தமாக இருந்தால் அந்த ரகம். சேகரிப்பவர்கள் சுத்தமானதற்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். சரித்திரத்துக்கு என்னவோ பசைக் கறை உள்ளதுதான் உசத்தி. அதுதான் உண்மையிலேயே ஒரு பெட்டியின் மேல் இருந்தது.

அடுத்தது காசு. விலை அச்சிட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. அணா என்றால் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய கணக்கு. அன்றைக்குத்தான் ரூபாய்க்கு 16 அணா போய் 100 காசு வந்தது. புதிசையும் பழசையும் பிரித்துச் சொல்ல அப்போது 'நயா பைசா' என்று அழைத்தார்கள். 1964 ஜூன் 1-ல் அந்த 'நயா' கழற்றப்பட்டது. எனவே ஒரு காகிதத்தில் நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில் என்று சொல்லலாம். ஏழே வருஷ இடைவெளி. இவ்வளவு துல்லியமாகக் காட்டிக் கொடுக்கும் சொற்கள் அதிகம் கிடையாது. இன்னொரு கோடியில், குறுக்கே கோடு போட்ட புதிய ரூபாய்க் குறி 2010 ஜூலையில்தான் வந்தது. பழுப்புக் காகிதத்தில் அந்தக் குறி இருந்தால் காகிதத்தை யாரோ டீத்தண்ணியில் நனைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்!

எல்லாவற்றையும் விட அதிகம் பேசுவது முகவரிதான்.

சிவகாசியும் சாத்தூரும் முன்பு திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தவை. 1910-ல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பகுதிகளை எடுத்து ராமநாதபுரம் ஜில்லாவை அமைத்தபோது இவை அதில் சேர்ந்தன. அதனால் தீப்பெட்டித் தொழில் பிறந்தபோதே முகவரி 'ராம்நாட் ஜில்லா'தான். அது 1985 வரை நீடித்தது. 1985 மார்ச் 15-ல் ராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்து, விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு காமராஜர் மாவட்டம் உருவானது. 1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் அரசு எடுத்துவிட்டதால் அது விருதுநகர் மாவட்டம் ஆகியது. காமராஜர் மாவட்டம் என்ற பெயருக்கு ஆயுள் பன்னிரண்டு வருஷம். லேபிளின் அடியில் அந்தப் பெயர் இருந்தால் சிப்பின் முதுகில் தேதி இருப்பதற்குச் சமம்.

கோவில்பட்டிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986 அக்டோபர் 20-ல் சிதம்பரனார் மாவட்டத்துக்குப் போனது. அதுவும் 1997-ல் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. வடக்கே குடியாத்தத்தில் செய்த பெட்டியானால் வட ஆற்காடு என்று இருக்கும். 1989-ல் அது இரண்டாகப் பிரிந்து அம்பேத்கர் பெயர் சேர்ந்தது, பிறகு வேலூர். மாநிலத்தின் பெயரும் கை கொடுக்கும். 1969 ஜனவரி 14-ல்தான் மெட்ராஸ் ஸ்டேட் சட்டப்படி தமிழ்நாடு ஆனது. அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் மொத்த வியாபாரத்துக்கான லெட்டர்ஹெட், விலைப் பட்டியல் போன்றவற்றில் ரயில்வே பெயரைத் தேடலாம். எஸ்.ஐ.ஆர். என்று தென்னிந்திய ரயில்வே பெயர் இருந்தால் 1951 ஏப்ரலுக்கு முன்பு அச்சானதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாதம் அது தெற்கு ரயில்வேயில் கலந்தது.

ஒரு எச்சரிக்கை தேவை. பெயர் மாறின மறுநாளே எந்த முதலாளியும் இருக்கும் லேபிளைக் கிழித்துப் போட மாட்டார். கட்டுக் கட்டாக அச்சடித்து வைத்தது தீரும் வரை ஓட்டுவார். சிலர் பிளாக்கை மாற்றச் சோம்பல் பட்டு வருஷக் கணக்கில் அப்படியே விட்டிருப்பார்கள். ஆகவே புதுப் பெயர் இருந்தால் 'இதற்கு முன் இல்லை' என்று அடித்துச் சொல்லலாம். பழைய பெயர் இருந்தால் 'இதற்குப் பின் இல்லை' என்று சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறப்பதால்தான் முக்கால்வாசித் தப்புகள் நடக்கின்றன.

தமிழ் படிப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு தடமும் இருக்கிறது. வெளிநாட்டு லேபிள் சேகரிப்பாளர்களுக்கு இது கண்ணில் படவே படாது. 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ஆணையிட்டது. அதுவரை லை, ணை, னை, ளை நான்கும் தலைக்கு மேல் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவோடு எழுதப்பட்டன. ணா, றா, னா மூன்றும் கால் போடாமல் கீழே சுழித்து எழுதப்பட்டன. ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ என்று சேர்த்து மொத்தம் பதின்மூன்று எழுத்துகள் மாறின. இப்போது தீப்பெட்டி லேபிளில் தமிழில் என்னென்ன வார்த்தைகள் வரக்கூடும் என்று யோசியுங்கள். விலை. தொழிற்சாலை. சென்னை. எல்லாவற்றிலும் மாறின எழுத்து இருக்கிறது! துதிக்கை இல்லாத 'லை' இருந்தால் பெரும்பாலும் 1978-க்குப் பிந்தையது. சீர்திருத்த எழுத்தைப் பெரியாரின் பத்திரிகைகள் 1930-களிலேயே பயன்படுத்தின. ஆனால் தீப்பெட்டி முதலாளிக்கு அந்த அவசரம் இருந்திருக்காது. துதிக்கை உள்ள 'லை'யோ மேலே சொன்ன பழைய முகவரி மாதிரிதான், 1978-க்குப் பிறகும் வந்திருக்கலாம். அச்சகத்தில் இருக்கும் ஈய எழுத்தை அரசாணை வந்தது என்று உருக்கி விடுவார்களா என்ன!

இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் கையில் ஒரு லேபிள். நடுவில் சேவல் படம். மேலே பழைய துதிக்கை 'லை'. கீழே பொடி எழுத்தில் காமராஜர் மாவட்டம், 626123 என்ற சிவகாசி பின்கோடு. எழுத்து 1978-க்கு முன்பு என்கிறது, மாவட்டம் 1985-க்குப் பின்பு என்கிறது. எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. படமும் பெரிய எழுத்தும் பழைய ஓவியத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை, அடியில் உள்ள முகவரி வரி மட்டும் புதிதாக மாற்றப்பட்டது. போர்டு பழசு, ஒரு சிப் மட்டும் புதுசு. லேபிளின் வயது 1985-க்குப் பிறகு. ஓவியத்தின் வயது அதற்கும் முன்பு. முகவரி வரியின் எழுத்து மட்டும் சற்றுக் கோணலாகவோ வேறு தடிமனிலோ இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தால் சந்தேகம் தீர்ந்து விடும். இந்த மாதிரி முரண்பாடுள்ள லேபிள்தான் நிறையச் சொல்லும். எல்லாம் ஒரே காலத்தைக் காட்டும் லேபிள் ஒரு வருஷத்தைத்தான் சொல்லும்.

பூதக்கண்ணாடி என்றதும் அச்சு முறை ஞாபகத்துக்கு வருகிறது. பழைய லித்தோவில் கல்லின் மேல் ஓவியரே கையால் புள்ளி புள்ளியாக வைத்து நிழல் காட்டுவார். அந்தப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், ஒன்று பெரிது ஒன்று சிறிதாக மணல் தூவின மாதிரி இருக்கும். வண்ணங்களும் தனித்தனிக் கல்லிலிருந்து வருவதால் ஒன்றோடொன்று சற்று விலகி, சேவலின் சிவப்புக் கொண்டை வெளிக்கோட்டைத் தாண்டி நிற்கும். போட்டோ முறையில் தகடு செய்த ஆஃப்செட்டில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும், நான்கு வண்ணம் சேருமிடத்தில் குட்டிக் குட்டிப் பூ மாதிரித் தெரியும். இன்றைய இங்க்ஜெட் நகலில் வரிசையும் இல்லை, கைப்பக்குவமும் இல்லை, பொடி தெளித்த மாதிரி இருக்கும். ரூபாய் நோட்டு சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கும் நல்ல உதவி. வெண்மைக்காக ரசாயனம் கலந்த காகிதம் அதன் கீழே பளீரென்று நீலமாக ஒளிரும். அந்த ரசாயனம் காகிதத்தில் புழக்கத்துக்கு வந்தது 1950 வாக்கில்தான். '1930 லேபிள்' ஒளிர்ந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்து விடலாம்.

பெட்டியே முழுசாகக் கிடைத்தால் இன்னும் சுலபம். பழைய பெட்டி மெல்லிய மரச் சீவலை மடித்துச் செய்தது. முனையில் மர ரேகை தெரியும். மேல்பெட்டிக்கும் அடிப்பெட்டிக்கும் காகிதம் சுற்றி, அதன் மேல் லேபிள் தனியாக ஒட்டப்பட்டிருக்கும். பிறகு மென்மரம் கிடைப்பது சிரமமாகி விலையும் ஏற, படிப்படியாக அட்டைப் பெட்டி வந்தது. அட்டையில் படத்தை நேராகவே அச்சடித்து விடலாம். லேபிள் என்ற தனிக் காகிதம் அதோடு செத்தது.

இனி பிராண்டு பெயர். எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான், மிகக் குறைவாக உதவுவதும் இதுதான். விம்கோவின் கப்பல் மாதிரி நன்றாக ஓடும் படம் ஒன்று இருந்தால் அதைப் போலவே தூரப் பார்வைக்குத் தெரியும் வேறு படங்கள் வரும். வணிகச் சின்னங்களைப் பதிவு செய்ய இந்தியாவில் சட்டம் வந்தது 1940-ல். அதற்குப் பிறகும் ஒரு எழுத்தை மாற்றி, ஒரு பறவையைத் திருப்பி வைத்துப் போடும் வேலை நிற்கவில்லை. போதாததற்கு வரியும் ஒரு குழப்பத்தைச் செய்தது. சின்ன ஆபீஸ்களுக்கு உற்பத்தி வரியில் சலுகை இருந்ததால் பெரியவர்கள் பலர் ஒரே ஆலையாக நடத்தாமல் பல சின்ன யூனிட்டுகளாகப் பிரித்து நடத்தினார்கள். ஆகவே ஒரே பிராண்டு, ஒரே படம், ஆனால் தயாரித்தவர் பெயர் வேறு வேறு. 1977-ல் பொட்டலப் பொருள் விதிகள் வந்து, தயாரித்தவர் பெயர், முகவரி, எண்ணிக்கை, விலை எல்லாம் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும் என்று சொன்னபின் இந்தப் பெயர்கள் இன்னும் தெளிவாக வெளியே வந்தன. காணாமல் போன ஆபீஸ்களைத் தேடுகிறவர்களுக்கு அந்த விதிதான் புதையல். கப்பல் பிராண்டு விஷயத்திலும் அடி வரியைத்தான் பார்க்க வேண்டும். விம்கோ 2005-ல் ஐ.டி.சி. கைக்குப் போனது. கப்பல் அதே கப்பல்தான்.

பட்டாசு லேபிளுக்கும் இதே முறைதான், சட்டங்கள் மட்டும் வேறு. 1940 வாக்கில் வெடிபொருள் விதிகள் கடுமையாகி, லைசென்ஸ் வாங்கித்தான் பட்டாசு செய்யலாம் என்று ஆனபின்தான் சிவகாசியில் முறையான பட்டாசு ஆலைகள் வந்தன. ஸ்டாண்டர்டு 1942-ல் தொடங்கியது. டெசிபல் கணக்கு இருந்தால் 1999-ல் வந்த ஒலி வரம்புக்குப் பிந்தையது. பசுமைப் பட்டாசு முத்திரை இருந்தால் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபின் வந்தது. மொத்த வியாபாரிகளுக்கான பட்டாசு விலைப் பட்டியலில் தந்தி முகவரியையும் தேடலாம். இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் நின்றது.

இத்தனை தடம் சொல்லும் லேபிள் ஒன்றை மட்டும் சொல்லாது. பெட்டி ஒட்டியது யார், குச்சி அடுக்கியது யார் என்பதை. எந்தச் சட்டமும் அதை அச்சிடச் சொல்லவில்லை. வீட்டில் வைத்துப் பெட்டி ஒட்டிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களோடு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்குக் கொடுத்தது. பெட்டி ஒட்டுவது அந்தச் சந்து வழியாகத் தொடர்ந்தது. சிவகாசியை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம், ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சேகரிப்பவர்கள் லேபிள் கோணலாக ஒட்டியிருந்தால் விலை குறைத்துக் கேட்பார்கள். மெஷின் கோணலாக ஒட்டுவது அரிது, ஒட்டினால் எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி கோணும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு விதமாகக் கோணியிருந்தால் அது கை. பசையில் பதிந்த விரல் ரேகை சில பெட்டிகளில் இன்னும் இருக்கிறது. பத்து வயதுக் கையா நாற்பது வயதுக் கையா என்று அளந்து பார்க்க யாரும் இதுவரை மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.

கடைசித் திருத்தம் சமீபத்தில்தான் நடந்தது. 2007-ல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய்க்கு வந்த தீப்பெட்டி, பதினாலு வருஷம் அந்த விலையிலேயே நின்றது. சிவப்புப் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை என்று எல்லாம் விலை ஏறிய பிறகு 2021 டிசம்பர் 1-ல் இரண்டு ரூபாய் ஆனது. குச்சியை 36-லிருந்து 50 ஆக்குவதாகச் சொல்லித்தான் ஏற்றினார்கள். அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து, மலிவு லைட்டரால் தொழில் படுத்து விட்டது என்ற முறையீட்டின் பேரில், 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு நிறுத்தியது. படம் மாறவில்லை, பெயர் மாறவில்லை, பக்கவாட்டில் ஒரு எண் மட்டும் ஒன்றிலிருந்து இரண்டானது. பலசரக்குக் கடைகளில் இப்போது இருப்பது எல்லாம் இந்த இரண்டு ரூபாய்ப் பதிப்பு. ஒரு ரூபாய் போட்ட பெட்டி வீட்டு சாமி மாடத்திலோ பரண் மேலோ எங்காவது கிடந்தால், குச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் அதன் அடி வரியைப் படித்துப் பாருங்கள்.